செல்வமேரியின் பூதம் எங்கே போனது?

இன்று குழந்தைகளுக்காகப் பூதக் கதைகளும் மாயக் கதைகளும் எழுதுகிற செல்வமேரிக்கு, 1978-இல் எட்டு வயது. அப்பா லாசர் ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். அம்மா மரியபுஷ்பம் அங்கேயே பழம் பறித்தார்.

அந்த வயதில் செல்வமேரியைச் சுற்றி எப்போதும் பூதங்கள் இருந்தன. நிஜமாகத்தான். அவளே பார்த்திருக்கிறாள்.

பள்ளிக்கூடம் போகிற வழியில், மேட்டின் மேல் ஒரு பச்சைப் பூதம் நிற்கும். தலையை ஆட்டும், இறங்கி மட்டும் வராது. அதற்கு அப்பால் வெள்ளை உடுப்புப் போட்ட அரசி ஒருத்தி கையை வீசுவாள். மிளகுக்கொடி ஏறிய இடங்களிலெல்லாம் கம்பளி போர்த்திய தாத்தாக்கள் வரிசையாக நிற்பார்கள்.

கூடவே நடந்து வரும் வெள்ளையம்மாளுக்கு மட்டும் இவர்கள் யாரும் கண்ணில் படவே இல்லை. அவள் பக்கத்துத் தலைச்சோலை கிராமத்துக்காரி. அவள் வீட்டில் சாமையும் காப்பியும் பயிர் செய்தார்கள்.

"அங்க பாரு புள்ள, பூதம் இன்னிக்குத் தலையச் சாய்ச்சுக்கிட்டு நிக்குது. தூக்கம் வருதாட்டம்."

"அது பலா மரம். காத்தடிக்குது."

"அரசி கூப்புடறா பாரு."

"அது தெரசம்மாள் அத்தையோட சேல. கொடியில காயுது."

செல்வமேரிக்கு ஒரே ஆச்சரியம். இரண்டு பேரும் ஒரே மேட்டைத்தானே பார்க்கிறோம்? இவளுக்கு மட்டும் ஏன் மரம் தெரிகிறது?

ஒரு மார்கழி மாதக் காலை. பனி மூட்டம். செல்வமேரிக்குப் பை கனத்தது. பாதையோரம் பெரிய கறுப்புப் பாறை ஒன்று இருந்தது.

"செத்த நேரம் இதுமேல உக்காந்துட்டுப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

வெள்ளையம்மாள் அவள் சடையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். "அசையாத! காட்டெருமை!"

பாறை புஸ்ஸென்று மூச்சு விட்டது. திரும்பிப் பார்த்தது. பிறகு கிளைகள் படபடவென்று முறிய, காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே வெள்ளையம்மாள் செல்வமேரியின் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"ஏனுங்க அத்தே, உங்க செல்வமேரிக்குக் கண்ணு சரியாத் தெரியலீங்க. மரத்தப் பூதங்கறா. இன்னிக்குக் காட்டெருமையப் பாறைன்னு உக்காரவே போயிட்டாளுங்க!"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சனிக்கிழமையே அப்பா மகளை பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப்போனார். கண் டாக்டர் சுவரில் ஓர் அட்டையைக் காட்டினார்.

"கடைசி வரியில என்ன எழுத்து கண்ணு?"

"எழுத்துங்களா? எறும்பு போகுதுன்னு நெனச்சனுங்க."

அடுத்த வாரம் மறுபடி சேலம் போய்க் கண்ணாடி வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது, அடிவாரம் தாண்டியதிலிருந்து செல்வமேரி ஜன்னலை விட்டு நகரவில்லை. "ஏனுங்கப்பா, ஒரு மரத்துக்கு இத்தன எலையா!" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆனால் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் போகும் வழியில், மேட்டின் மேல் ஒரு பலா மரம் நின்றது. கொடியில் ஓரம் கிழிந்த சேலை ஒன்று ஆடியது. அவ்வளவுதான்.

"பூதம் செத்துப்போச்சு புள்ள" என்று செல்வமேரி அழுதாள்.

வெள்ளையம்மாள் திகைத்துப் போனாள். தினமும் மரம் மரம் என்று சொன்னவள் அவள்தான். ஆனாலும், பூதம் இன்றைக்கு என்ன செய்கிறதோ என்று கேட்கத்தானே அவள் காலையில் ஓடி வருவாள்?

"செத்திருக்காது. எங்கியோ போயிருக்கும். எங்க போச்சுன்னு சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? இப்ப மரந்தான தெரியுது."

"எனக்கு எப்பவுமே மரந்தான் தெரிஞ்சுது. நீ சொல்லித்தான பூதம் வந்துச்சு?"

செல்வமேரி மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடியைப் பாவாடையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மரத்துக்குக் கிட்டே போனாள். அடிமரத்தில் ஒரு பொந்து. இத்தனை நாள் அவள் பார்க்காத பொந்து. எறும்புகள் எதையோ வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தன. உள்ளே யார் இருப்பார்கள்? அவள் மரத்தில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ளதான் இருக்குது. கதவச் சாத்திக்கிச்சு. எறும்புங்க சோறு கொண்டு போகுது."

"எதுக்குச் சாத்திக்கிச்சு?"

"காட்டெருமையப் பாத்துப் பயந்துக்கிச்சு."

"பூதம் பயப்படுமா?"

"இது நொம்பச் சின்னப் பூதம் புள்ள. பெருசாத் தெரியோணும்னு இத்தன நாளா மரத்து மேல ஏறி நின்னுச்சு."

அன்று பள்ளிக்கூடத்துக்கு இருவரும் தாமதம். ஏன் என்று தேவசிகாமணி வாத்தியார் கேட்டார். "பூதத்தால லேட்டுங்க சார்" என்றாள் வெள்ளையம்மாள். வாத்தியார் இருவரையும் வெளியே நிற்க வைத்தார். அவர்களுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. கதையில் இன்னும் பாதி மிச்சம் இருந்ததே!

அதற்குப் பிறகு செல்வமேரி கதை சொல்வதை நிறுத்தவே இல்லை. 1992-இல் அவளுடைய முதல் கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்தது. வெள்ளையம்மாள் தலைச்சோலையிலேயே காப்பித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கதையானாலும் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவாள் செல்வமேரி.

"நம்பற மாதிரியே இல்ல புள்ள" என்பாள் வெள்ளையம்மாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவாள்.