இடப்பக்கக் குமிழ்

என் அக்கா கணவர் கடலில் ஆட்களை மீட்பவர். கயாக் எனும் சிறு துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் கொட்டகையில் பதினெட்டு வருட வேலை. யாராவது சோர்ந்துபோனால் அவர்கள் படகில் கொக்கியை மாட்டித் தன் படகோடு இழுத்து வருவார். மற்ற நேரமெல்லாம் படகின் மேல்பக்கத்தைச் சுற்றி ஓடும் பிடிகயிறுகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். கவிழ்ந்தவர் பிடித்துத் தொங்குவது அவற்றைத்தான். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் முழுக் கயிற்றையும் கழற்றிப் புதிது கட்டிவிடுவார். 'சந்தேகம்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். யார் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று பதிவேடு எழுதுவது என் வேலை.

அக்காவுக்கும் அங்கே மீட்பு வேலைதான். போன வருடம் நோயில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய இழுகயிற்றுப் பட்டையை மாமா தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அதன் பின்பக்கப் பையில் கொக்கி மாட்டிய கயிறு சுருண்டிருக்கும். ஆபத்தென்றால் சிவப்புக் குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். பட்டை கழன்று கயிறோடு போய்விடும். எல்லாருக்கும் குமிழ் வலப்பக்கம். அக்கா இடதுகைக்காரி என்பதால் பிரித்து இடப்பக்கம் தைத்திருந்தாள். கோணல்மாணலான தையல். வலதுகைக்காரருக்கு அது எதற்கு என்று கேட்டால் மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒருநாள் மதியம் பாறைகளுக்கு அருகே ஒருவரை இழுத்து வந்தபோது, அலை அந்த ஆளின் படகைத் தூக்கி மாமாவைத் தாண்டி எறிந்தது. கயிறு பக்கவாட்டில் விறைத்து மாமாவின் படகைச் சாய்த்தது. அவர் கை வலது இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. துழாவுவதற்குள் கவிழ்ந்துவிட்டார். எப்படியோ வெளியே வந்து, தான் கட்டிய பிடிகயிற்றையே பிடித்துத் தொங்கினார். கொட்டகை முதலாளியம்மா போய் இரண்டு பேரையும் கரைசேர்த்தார்.

"குமிழை வலப்பக்கம் மாத்துங்க. இல்லன்னா கரையிலேயே உக்காருங்க. ஒரு மாசம் டைம்," என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அக்கா போனது போதாதா, மாமா? அதை வீட்டுல மாட்டி வைங்க."

"மாட்டி வச்சா அது வெறும் பட்டை. இடுப்புல இருந்தா அவ பிடிச்சிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு."

எனக்கும் அவள் வேண்டும்தான். என் மிதவைச் சட்டையில் அவள் எழுதித் தந்த என் பெயர்கூட உப்புத்தண்ணீரில் அழிந்துபோயிருந்தது.

மாமா குமிழை மாற்றவில்லை. கையை மாற்றினார். பல் தேய்ப்பது, பூட்டுத் திறப்பது எல்லாம் இடது கையில். சாப்பாடு பாதி வாயில், பாதி சட்டையில். சவரம் செய்துகொண்டு வந்தால் முகத்தில் நாலு பிளாஸ்திரி. "பூனை கூட சண்டையா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பல மாதங்களுக்குப் பிறகு.

மாதக் கடைசியில் முதலாளியம்மா அவர் கண்ணைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சொல்லாமல் கொள்ளாமல் வெடுக்கென்று இழுத்தார். பத்து முறை. பத்து முறையும் இடது கை தவறாமல் குமிழுக்குப் போனது.

"நாளைக்கு இறங்குங்க," என்றார்.

மறுநாள் நான் வருவதற்கு முன்பே மாமா கடலுக்குப் போயிருந்தார். பதிவேட்டைத் திறந்தேன். இடப்பக்கமாகச் சாய்ந்த எழுத்துகள், அக்காவின் கையெழுத்து போலவே. கடலுக்குப் போவதாக அவளே எழுதி வைத்தது போல இருந்தது.

அவர் திரும்பியதும் கேட்டேன். "இது நீங்க எழுதினதா?"

"பேனாவையும் இடது கையில பிடிச்சுப் பார்த்தேன். கோணலா இருக்கா?"

நான் என் மிதவைச் சட்டையைக் கழற்றி, அழியாத மைப் பேனாவோடு நீட்டினேன். "என் பேரை எழுதிக் குடுங்க, மாமா."

நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினார். அன்றைக்கு அந்தச் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை. வீட்டுக்கும் அதோடேதான் போனேன்.