பத்தரைக்கு முன் ஏறிய விமானம்

மகன் லைசன்ஸ் எடுத்தபின் விமானத்தில் முதன்முதலாக ஏற்றிக்கொண்டு போன ஆள் நான். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து புறப்படும்போதே எனக்கு எரிச்சல். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். காலி நகருக்குப் போகிற பெருவீதியோ வாகனங்களால் அடைத்துக்கொண்டு கிடந்தது. விமான நிலையம் போய்ச் சேரவே பத்து மணி தாண்டிவிட்டது.

அவன் அந்தச் சின்ன விமானத்தைச் சுற்றிச் சாவகாசமாக நடக்கத் தொடங்கினான். இறக்கையைத் தடவுகிறான், எரிபொருளில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். புறப்பட முன் பைலட் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனையாம். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

"டேய், மாடு வாங்கவே வந்தனீ? சுத்திச் சுத்திப் பாக்கிறாய்! ராகுகாலத்தில நான் ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்."

"இன்னும் சக்கரம் பாக்கேல்ல, அப்பா. ஓட்டினவை குறை எழுதி வைக்கிற லொக் புத்தகமும் பாக்கோணும்."

"அதெல்லாம் மெக்கானிக் பாத்திருப்பான். ஏறடா!"

சிரித்துக்கொண்டே ஏறிவிட்டான்.

கடலுக்கு மேலே ஒரு வட்டம் அடித்தோம். பெருமையில் எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பி இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டதும் இரண்டு பக்கச் சக்கரங்களின் பிரேக்கையும் மிதித்தான். வலது பிடித்தது, இடது பிடிக்கவில்லை. விமானம் வலப்பக்கம் வெட்டி ஓடி, ஓடுபாதையோரம் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் மூக்குக் குத்தியது. எனக்கு நெற்றியில் நாலு தையல். அவனுடைய வலது கணுக்கால் நொறுங்கிப்போனது.

இடது பிரேக்கின் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதல்நாள் ஓட்டியவர் லொக் புத்தகத்தில் இடது பிரேக் சரியில்லை என்று எழுதியும் வைத்திருந்தார். மெக்கானிக் அதைத் திறக்கவேயில்லை. அறுவான்! ஆனால் நாங்களும்தான் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். வெறும் அசட்டை என்று எழுதினால் லைசன்ஸ் போய்விடும், ஏன் அவசரப்பட்டான் என்பதை உள்ளபடி சொல்லவேண்டும் என்று அவனுடைய பயிற்சியாளர் எங்கள் இருவரிடமும் முன்பே சொல்லியிருந்தார். சோதனையை ஏன் முடிக்கவில்லை என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மகன் அவரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தான். பிறகு, தன் பிழைதான் என்றான்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா என்றார். ஃபிளாட் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துகிற வாய் என்னுடையது. ராகுகாலத்துக்காக விரட்டினேன் என்று அந்த மனிதரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நே, சேர்" என்று சிங்களத்திலேயே இல்லையென்றேன்.

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நான்தானேடா உன்னை அவசரப்படுத்தினனான். ஏன்டா சொல்லேல்ல?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அப்பா" என்றான்.