பம்ப் நின்ற மதியம்

மீன் தொட்டியின் பம்ப் நின்றுவிட்டது. உள்ளே குட்டி விசிறி பாசி பிடித்து இறுகியிருந்தது.

"சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்லா, என்ன அவசரம்?" என்றாள் மனைவி.

அந்தப் பாசி வாசம் என் அக்காவை நினைவுக்குக் கொண்டுவந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அவள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவாள். அப்போது வீட்டிலிருந்த மீன் தொட்டியின் பம்ப் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். கொண்டை ஊசியை உருவி விசிறியை நெம்புவாள். அதன் காந்தம் ஊசியில் ஒட்டிக்கொண்டு வரும்.

"பாரு தம்பி, மீனு சிக்கிருச்சு லா!"

ஒரு மதியம் பம்ப் நின்றும் அவள் எழவில்லை. "அசந்து தூங்குது, எழுப்பாதே" என்றார் அம்மா. மாலைவரை நாங்கள் சத்தமில்லாமல் நடந்தோம். அக்கா தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தாள்.

மனைவியிடம் கொண்டை ஊசி கேட்டு வாங்கினேன். பம்ப் சத்தம் திரும்பிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.