எங்கள் கல்லூரிக்கு வங்கி வந்த நாள்

முதலீட்டு வங்கிகள் எந்தக் கல்லூரியில் ஆள் எடுக்கும் என்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. போன வருடம் போன இடத்துக்கே இந்த வருடமும் போவார்கள். புதிதாக ஒரு கல்லூரி உள்ளே வர வேண்டுமென்றால், அங்கே படித்த யாராவது வங்கிக்குள் இருந்துகொண்டு விடாமல் நச்சரிக்க வேண்டும். சங்ககிரி பக்கத்தில் நான் படித்த கல்லூரிக்காக அப்படி நச்சரித்தவள் நான்தான். கடைசியில் என் மேலதிகாரி, "ஒரு முறை பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் இனி இந்தப் பேச்சே கூடாது" என்று சொல்லிவிட்டு, பெங்களூரிலிருந்து என்னோடு காரில் கிளம்பினார்.

தேர்வு நடக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் திக்கென்றது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பையன்கள்.

கல்லூரி முதல்வரை ஓரமாக அழைத்து, "பொண்ணுங்க எங்கீங்க சார்?" என்றேன்.

"லேப்ல இருக்காங்கம்மா. வேலை குடுத்தா எத்தன பேரு வந்து சேர்றாங்கன்னுதான உங்க பேங்க்ல பாப்பாங்க? பொம்பளப் புள்ளைகள அவ்வளவு தூரம் ஊட்ல உடமாட்டாங்க. நம்ம பேருதான் கெட்டுப்போகும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரில் நிற்கும் நானும் இந்தக் கல்லூரிப் பெண்தான் என்பதுகூட அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. நானே லேபுக்குப் போய் அவர்களை அழைத்து வந்தேன்.

அவர்களில் ஒருத்தி எல்லாக் கேள்விகளுக்கும் பளிச்சென்று பதில் சொன்னாள். மேலதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து, பெங்களூருக்கு வருவாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஊட்ல கேக்கோணுங்க்கா."

சொன்னேனா இல்லையா என்பதுபோல் முதல்வர் என்னைப் பார்த்தார்.

"இப்பவே கேளு" என்று என் செல்போனை நீட்டினேன். அவள் அப்பா எடுத்தார்; ஸ்பீக்கரில் அவர் வேலை செய்யும் கோழிப்பண்ணையின் இரைச்சல். "அப்பா, பெங்களூர்ல வேலைக்குக் கூப்பிடறாங்க. போகட்டுங்களா?" என்றாள்.

"போ சாமி, நானா வேண்டாங்கறேன்? பொம்பளப் புள்ளைகளுக்குக் கம்பெனியே வர்றதில்லீன்னு உங்க காலேஜ்லதான சொன்னாங்க?"

முதல்வர் தரையைப் பார்த்தார். தமிழ் தெரியாத என் மேலதிகாரி, அப்பா என்ன சொல்கிறார் என்று என் பக்கம் திரும்பினார். அனுப்புகிறேன் என்கிறார் என்பதோடு நிறுத்தியிருந்தால் கல்லூரி வங்கியின் பட்டியலுக்குள் வந்திருக்கும். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் போனைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி சொன்ன பொய்யையும் சேர்த்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.