மேல் தட்டின் சூடு

ஆய்வகத்தில் அவளுக்குக் 'கொதிகலன்' என்று பெயர். மற்றவர்களுடைய கிருமிகள் உடம்புச் சூட்டில் வளரும். அவளுடையவை வெந்நீர் ஊற்றில் பிறந்தவை. எழுபத்தைந்து டிகிரி இல்லாவிட்டால் சுணங்கிப்போகும். அந்தச் சூட்டில் கிருமி வளர்க்கும் வழக்கமான அகார் கூழ் நெகிழ்ந்துவிடும் என்பதால் கெட்டியான வேறொரு கூழை ஊற்றி, காய்ந்துபோகாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பாள். கையைச் சுட்டுக்கொள்ளாத வாரமே கிடையாது.

பேருந்து ஓட்டும் கணவனுக்கு அவள் வேலையில் பெருமைதான், விளக்கத்தான் வராது. உடனிருந்த நாத்தனார் ஒருநாள் சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணி, வெந்நீர்ல வேகாத கிருமிய வச்சுக்கிட்டு அப்படி என்னதான் பண்றீங்க?"

"சூட்டுல டிஎன்ஏ சும்மா இருக்காதும்மா, எழுத்தெழுத்தா உதிரும். அப்படிப் பார்த்தா இதுங்க தலைமுறைக்குத் தலைமுறை தாறுமாறா மாறிப்போயிருக்கணும். மாறலையே! உள்ள எது அதைச் சரிபண்ணுதுன்னு பார்க்கறேன்."

"கண்டுபிடிச்சா சொல்லுங்க. எங்க அண்ணனையும் சரிபண்ணிப் பார்க்கலாம்."

அண்ணன் காதில் விழாத மாதிரி தண்ணீர் குடித்தான்.

பழுதுபார்க்கும் வேலையைச் செய்வதாக அவள் சந்தேகப்பட்ட மரபணு ஒன்றைக் கிருமியிலிருந்து நீக்கியிருந்தாள். நீக்கிய ரகத்தையும் நீக்காத ரகத்தையும் குழாய்களில் வளர்த்து, விஷம் கலந்த கூழில் பரப்புவாள். சாதாரணக் கிருமி செத்துவிடும். தற்செயலாக ஓர் எழுத்து மாறி, அதனால் விஷம் பலிக்காமல்போன கிருமி மட்டும் பிழைத்துப் புள்ளியாக வளரும். புள்ளி கூடினால் பிழை கூடியிருக்கிறது என்று பொருள்.

நீக்கிய ரகத்தில் புள்ளிகள் அம்மை போட்ட மாதிரி அள்ளிக் கொட்டியிருந்தன. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியைக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. வரப்போகும் கருத்தரங்கில் அவளையே பேசச் சொல்லிவிட்டார்.

சந்தோஷத்தோடு சந்தோஷமாக இன்னொரு முறை செய்து பார்த்தாள். குழாய்களைச் சூட்டில் வைக்கும் அடுப்புப் பெட்டியின் கீழ்த் தட்டில் இடமில்லாததால் நீக்காத ரகத்தின் சில குழாய்களும் மேல் தட்டுக்குப் போயின. அவற்றிலும் புள்ளிகள் கூடியிருந்தன. உடனே தட்டுக்கு ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றிலும் வெப்பமானியைப் போட்டுக் காத்திருந்தாள். மேல் தட்டு ஆறு டிகிரி கூடுதலாகக் காட்டியது. குழம்பிவிடக் கூடாதே என்று அதுவரை நீக்கிய ரகத்தை எப்போதும் மேல் தட்டிலும் நீக்காததைக் கீழ்த் தட்டிலும்தான் வைத்திருந்தாள்.

நேரே பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், நாம பார்த்தது முழுக்க மரபணு பண்ண வேலை இல்ல. பாதி அடுப்பு பண்ணது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியும். கருத்தரங்குக்குள்ள முடியாது."

"அப்ப அடுத்த கருத்தரங்கு. போ, போய் ஆரம்பி."

அந்தக் கோடை முழுக்க இரண்டு ரகத்தையும் தட்டு மாற்றி மாற்றி வைத்துப் புள்ளிகளை எண்ணினாள். வீட்டில் புழுக்கம், வேலையில் அனல். ஒருநாள் கணவன் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, அவள் சிவந்த விரல்களுக்கு மருந்து தடவினான். "இந்த உழைப்புக்கு அந்தக் கிருமிங்க உனக்குக் கோவில் கட்டணும்" என்றான்.

முடிவு சின்னதாகத்தான் வந்தது. மரபணு போனால் பிழை கொஞ்சம் கூடுகிறது. சூடு ஏறினாலும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கட்டுமீறிப் போகிறது. அள்ளிக் கொட்டிய பழைய முடிவைவிட இது அவளுக்குப் பிடித்திருந்தது. எந்தக் கேள்வி வந்தாலும் நின்று பதில் சொல்லலாம்.

மறு கருத்தரங்கில் அப்படித்தான் சொன்னாள். பேச்சு முடிந்ததும், வேறொரு ஆய்வகத்துப் பெண் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க பெட்டியிலயும் மேல் தட்டு சூடா இருக்குமோ?"

"இருக்கும். போனதும் தண்ணி வச்சுப் பாரு" என்று சிரித்துவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.