மகளின் சைக்கிளும் என் தண்ணீர் வேனும்

என் மகளுக்கு இரண்டாம் வகுப்பு படிக்கும்போது சர்க்கரை நோய் வந்தது. அன்று தொடங்கிய இன்சுலின் ஊசி இன்றுவரை நிற்கவில்லை. அவள் வளர்ந்து வேலைக்குப் போய், ஒரு சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் கூடி, பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொசகோட்டே வரை போய், டிபன் சாப்பிட்டுத் திரும்புவார்கள். அவள் ஜோகுபாளையம் வீட்டுக்குள் சைக்கிளை ஏற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்கு காபி இறங்காது.

அந்தக் கூட்டம்தான் ராஜஸ்தான் போவதென்று முடிவு செய்தது. இன்சுலின் வாங்க வழியில்லாத குழந்தைகளுக்காகப் பணம் திரட்ட, பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் வரை பாலைவனத்தில் சைக்கிள் பயணம். அவள் அப்பா "போய்ட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் வேன் ஓட்டுவதாக இருந்தவர் கடைசி நேரத்தில் வரமுடியாதென்றதும், பேங்கில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் ஓட்டுகிறேன் என்றேன்.

மகள் சொன்னாள்: "வரணும்னா வாம்மா. ஆனா அங்க நீ வேன் டிரைவர். எல்லார் முன்னாடியும் சுகர் எவ்ளோன்னு கேக்கக் கூடாது."

சரி என்றேன்.

என் வேலை எளிதுதான். சைக்கிள்களுக்கு முன்னால் போய், பேசி வைத்த இடத்தில் வேனை நிறுத்தி, தண்ணீர், உப்பு கலந்த எலுமிச்சைச் சாறு, வெட்டிய தர்பூசணி எல்லாம் தயாராக வைக்க வேண்டும். மகளின் இன்சுலின் ஊசிப் பேனாக்கள் என் இருக்கைக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியில் இருந்தன. சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன், திறந்தால் குளிர்ச்சி போய்விடும் என்று தெரிந்தும்.

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயின. மூன்றாம் நாள் காலையிலேயே அனல்காற்று வீசத் தொடங்கியது. சாலையின் குறுக்கே மணல் புகைபோல் ஓடியது. எங்கள் குழுத் தலைவர், மைசூர்க்காரர், பல வருடம் நெடுந்தூரம் ஓட்டியவர், "ஏனூ ஆகல்ல மேடம், ஒன்னும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆளாகக் கிளம்பினார். யாரும் தனியாக ஓட்டக்கூடாது என்பது விதி. அன்று அவருக்கு ஜோடி என் மகள்.

மதியம் நிறுத்தத்துக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அந்த இருவரை மட்டும் காணோம். டயர் பஞ்சர், மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றார் ஒருவர். போனில் சிக்னல் இல்லை. நான் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கானலில் தூரத்துக் கம்பங்கள்கூட ஆள் வருவதுபோல் அசைந்தன. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. தண்ணீர்க் கேன் ஒன்றை அங்கே இறக்கி வைத்துவிட்டு, வேனைத் திருப்பினேன்.

ஓட்டும்போது மனதில் ஒரே காட்சிதான். உடம்பில் சர்க்கரை இறங்கிப்போய் அவள் மயங்கிக் கிடக்கிறாள், வாயில் சர்க்கரை போட யாரும் இல்லை. பள்ளிக்கூட நாட்களிலிருந்து நான் சுமந்து திரிந்த காட்சி அது.

நெடுந்தூரம் போனபின் ஒரு முள்மரத்தடியில் சைக்கிள்கள் தெரிந்தன. படுத்துக் கிடந்தவர் தலைவர். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நனைத்த சட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல், யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். மகள் தன் தண்ணீர் முழுவதையும் அவர் தலையில் ஊற்றியிருந்தாள். கை காட்டியும் ஒரு லாரி நிற்காமல் போய்விட்டதாம்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் நடுங்கின. உதடு வெளுத்திருந்தது. நான் கேட்டதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமானது. கையில் ஒட்டியிருந்த சர்க்கரை மானி வியர்வையில் பிய்ந்து போயிருந்தது. வேனில் இருந்த, ரத்தம் தொட்டுச் சர்க்கரை பார்க்கும் கருவியோ சூடு தாங்காமல் எண்ணே காட்டவில்லை. நான் தலைவரை விட்டுவிட்டு ஜூஸ் டப்பாவோடு அவளிடம் ஓடினேன்.

"ஜூஸ் குடு, நானே குடிச்சிக்கிறேன்," என்றாள். "நீ மொதல்ல அவரப் பாரும்மா."

ஜூஸ் டப்பாவை அவள் கையில் திணித்தேன். உறிஞ்சத் தொடங்கிவிட்டாள் என்று கண்ணால் பார்த்தபிறகே திரும்பினேன். கேன் தண்ணீரை அவர்மேல் கவிழ்த்தேன். அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வைத்தேன். இன்சுலினுக்கு வைத்திருந்த ஐஸ் அது. கொஞ்சம் தெளிந்து எழுந்துவந்த மகளும் நானும் அவரைத் தூக்கி வேனில் ஏற்றினோம். சிறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்று கண்ணில் படும்வரை அவள் பின்னால் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

சாயங்காலம் அவருக்கு நினைவு தெளிந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இந்தப் பயணத்தில் தலைவர் இனி ஓட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளிடம், நாமும் ஊருக்குப் போய்விடலாம் என்றேன். புது இன்சுலினுக்கு ஆள் அனுப்பியிருக்கிறது, நாளை கிளம்புவேன் என்றாள்.

"எனக்கு பயமா இருக்குடி," என்றேன். அவளிடம் இதை நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான்மா இருக்கு. பயந்துக்கிட்டே ஓட்டு. நானும் அப்பிடித்தான் ஓட்டுறேன்."

அதற்குப்பின் ஜெய்சல்மேர் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் சைக்கிள்களை எண்ணினேன். அவள் வந்து இறங்கும்வரை சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். வந்ததும் எலுமிச்சைச் சாறு நீட்டுவேன், வேறொன்றும் கேட்கமாட்டேன். அவளாகவே சர்க்கரை அளவைச் சொல்லிவிட்டுப் போவாள்.

பெங்களூர் திரும்பிய சில வாரத்தில் தலைவர் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். அந்த அம்மாள் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. சாப்பாட்டுக்குப்பின் அவரும் மகளும் அடுத்து குஜராத்தில் கட்ச் பக்கம் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அங்கிருந்தே, பேங்கில் லீவு சொல்லணும், எந்த மாசம் என்று கேட்டேன்.