கழுவியும் போகாத சுண்ணாம்பு

எங்கள் அத்தை மீன்குழம்பு வைத்தால் லயத்து வரிசை வீடுகள் முழுக்க மூக்கை உறிஞ்சும். அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. புருஷன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டினாள். இடுப்பில் வெற்றிலைப் பை, கன்னத்தில் புகையிலை. தூங்கும்போதுகூடத் துப்பமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தில் குழம்புக்கு மிளகாயைக் குறைத்தாள்.

"என்னாங்க அண்ணி, இது கொழம்பா, ஆத்துத் தண்ணியா?" என்றாள் அம்மா.

"ஒறைப்பு வேணும்னா என் வாயில நாலு வார்த்தை வாங்கிக்க."

மிளகாய் அரைத்து நெத்திலிச் சம்பல் வைக்கிற நாளில் அத்தை தன் பங்கை அப்படியே என் தட்டில் தள்ளிவிடுவாள். "நீ தின்னு மருமவளே." அண்ணன்மார் முறைப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, "ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே, உள்ள என்னா இருக்குன்னு பாரு" என்றாள். வாய் பாதிதான் திறந்தது. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு, ஓரத்தில் புண்.

"சுண்ணாம்பு ஒட்டிக்கிட்டிருக்கு அத்தே. கொப்புளிங்க."

ஒரு செம்புத் தண்ணீரையும் கொப்புளித்துத் துப்பினாள். மறுபடி காட்டினாள். வெள்ளை அப்படியே இருந்தது.

"கெட்டிச் சுண்ணாம்பு" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுண்ணாம்பு சுட்ட புண் தானே ஆறிவிடும் என்பது எங்கள் ஜனங்களின் நினைப்பு. எரிந்தால் அந்தப் புண்மேலேயே புகையிலையை அடக்குவாள். மரத்துப்போகும், வலி தெரியாது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் காட்டச் சொல்லி அப்பா கெஞ்சினார்.

"ஆம்பள முன்னாடி வாயப் பொளக்கச் சொல்றியா? வலியே இல்லடா!"

கழுத்தில் கட்டி எழும்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புற்று என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கஞ்சிகூட இறங்காமல், தீபாவளிக்கு முன்னே அத்தை போய்விட்டாள். வாய்க்கரிசி போடப் பார்த்தால் வாய் திறக்கவே இல்லை. அப்பா அரிசியை உதட்டின்மேல் வைத்தார். அது உருண்டு பாயில் விழுந்தது.

நான் வெற்றிலையைத் தொட்டதில்லை. கோயிலில் வெற்றிலை போடும் பெண்களைக் கண்டால் உட்காரவைத்துச் சொல்வேன்: இரண்டு வாரத்தில் ஆறாத புண், கழுவினாலும் சுரண்டினாலும் போகாத வெள்ளை, காரம் பட்டால் தாங்காத எரிச்சல், வரவரத் திறக்க மறுக்கும் வாய், கழுத்தில் கட்டி. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போய் வாயைத் திற. வலிக்கவில்லையே என்று உட்காராதே. படிக்காதவள் பேச்சுத்தானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் பார்த்தவள்.

சம்பலைத் தள்ளிவிட்டு, நான் விரல் சூப்பி முடிக்கும்வரை அத்தை என் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். என்மேல்தான் அவளுக்கு உயிர் என்று அண்ணன்மாரிடம் பெருமை பேசினேன். அவளுக்குப் பசித்தது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.